வெட்டிப் பிழைக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்விகள்

தன் ஆர்.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொண்டால் பாக்டீரியா செத்துப்போகாதா?
– வாசகி, தேவகோட்டை

வெட்டாவிட்டால்தான் ஆபத்து. நம் ஊர்க் கல்யாண வீட்டு இரண்டாம் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சமையல் பட்டியலும் ஆச்சியின் கைப்பெட்டியில் இருக்கும். அடுப்படிக்கு வருவது வேளைக்கொரு துண்டுச் சீட்டுதான். காலைச் சீட்டைக் கிழிக்காமல் விட்டால் மதியப் பந்திக்கும் வெள்ளைப் பணியாரமே வெந்துகொண்டிருக்கும். டி.என்.ஏ. அந்தப் பட்டியல், தூது ஆர்.என்.ஏ. சீட்டு, அதைப் பார்த்துச் செய்யும் புரதம்தான் பலகாரம். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் பெரும்பாலான சீட்டுகளுக்குச் சில நிமிடங்களே ஆயுள். முதல் வெட்டை அநேகமாக ஆர்.என்.ஏஸ் ஈ என்ற நொதி போடுகிறது. மற்ற நொதிகள் துண்டுகளை எழுத்தெழுத்தாக உதிர்க்கின்றன. உதிர்ந்தவை புதிய சீட்டுக்கு உதவுகின்றன. சூட்டில் செயலிழக்கும்படி இந்த நொதி திரிந்துபோன ஈ. கோலையை 44 டிகிரி செல்சியஸில் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

நம் உடல் கிருமிக்கு இரும்புச்சத்தைக் கொடுக்காமல் ஒளித்துவைக்குமாமே? அது எப்படிச் சமாளிக்கிறது?
– வாசகர், காரைக்குடி

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இரும்பு குறைந்ததும் ஈ. கோலை சுமார் 90 எழுத்துகளே கொண்ட ஆர்.ஒய்.எச்.பி. என்ற குட்டி ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கிறது. இரும்பைச் செலவழிக்கும் புரதங்களுக்கான சீட்டுகளைத் தேடிப்போய் இது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சீட்டை ஆர்.என்.ஏஸ் ஈ வெட்டிவிடும். குட்டியும் கூடவே அழியும். இருக்கிற கொஞ்ச இரும்பு, அது இல்லாமல் முடியாத வேலைகளுக்கு மிஞ்சும். பஞ்ச காலத்தில் எந்தச் செலவை நிறுத்துவது என்று இவ்வளவு நுட்பமாக முடிவெடுக்கிறது ஒற்றைச் செல்!

வெட்டு என்றாலே அழிவுதானா?
– வாசகர், கானாடுகாத்தான்

இல்லை. நிலைக்கதவில் ஆசாரியின் உளி செய்வதும் வெட்டுதானே? புரதம் கட்டத் தேவையான கடத்து ஆர்.என்.ஏ. முதலில் நீளமாகத்தான் பிறக்கிறது. ஆர்.என்.ஏஸ் பி அதன் முன்முனையைச் செதுக்கித் தருகிறது. இந்த நொதியில் வெட்டுகிற பகுதியே ஓர் ஆர்.என்.ஏ. என்று காட்டிய சிட்னி ஆல்ட்மன், தாமஸ் செக்குடன் 1989-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கும் ஆர்.என்.ஏ. ஒவ்வொரு முறையும் சிதைந்துபோகிறது. என்ன தவறு?
– ஆய்வு மாணவி, பள்ளத்தூர்

உங்கள் விரல்களை முதலில் சந்தேகியுங்கள். மனிதத் தோலிலேயே ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் 7 என்ற நொதி இருக்கிறது. கதவுப்பிடியையோ கைப்பேசியையோ தொட்டால் உடனே கையுறையை மாற்றுங்கள். கொதிக்க வைத்த நீர் போதும் என்று நம்பாதீர்கள், ஆர்.என்.ஏஸ் ஏ என்ற இன்னொரு வெட்டு நொதி கொதிநீரையும் தாங்கும். ஆர்.என்.ஏஸ் அற்றது என்று குறித்த நீரையே பயன்படுத்துங்கள். மாதிரிக் குழாயைப் பனிக்கட்டியிலிருந்து எடுக்காமலே வேலை செய்யுங்கள்.