ஓட்டமும் வெயிட் பயிற்சியும் ஒரே வாரத்தில்: கேள்வி பதில்

கேட்கும்போது வயசு, எடை, வாரத்துல எத்தனை நாள் நேரம் இருக்குன்னு சொல்லுங்க. அது தெரியாம அட்டவணை போட முடியாது. நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், படபடப்பு வர்றவங்க இங்க கேட்டு நேரத்தை வீணாக்காம முதல்ல டாக்டரைப் பாருங்க.

வேளச்சேரி வாசி: வயசு 34, எடை 82 கிலோ. வாரத்துக்கு 4 நாள், தினம் ஒரு மணி நேரம் ஜிம். ஓட்டம், நடைன்னு கார்டியோ முதல்லயா, வெயிட் முதல்லயா மாஸ்டர்?

எது உங்களுக்கு முக்கியமோ அது முதல்ல. எடை குறையணும், கொஞ்சம் தசையும் ஏறணும்னா வெயிட்தான் முதல்ல. 30 நிமிஷம் ஓடிட்டு ஸ்குவாட்டுக்கு (பாரத்தோட உட்கார்ந்து எழறது) வந்தா தொடை ஏற்கெனவே களைச்சிருக்கும். நாலாவது ரெப்புல, அதாவது நாலாவது தடவை உட்காரும்போது, முட்டி உள்ளே சாயும், கீழ்முதுகு வளையும். அடிபடுறது அங்கதான்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிங்க. 6 நிமிஷம் வேக நடை, கூடவே இடுப்பு, தோள் சுழற்சி. இது உடம்பைச் சூடாக்கத்தான், இதைக் கார்டியோ கணக்குல சேர்க்காதீங்க. அடுத்த 32 நிமிஷம் வெயிட்: ஒரு கால் பயிற்சி, ஒரு தள்ளுற பயிற்சி, ஒரு இழுக்கிற பயிற்சி, ஒவ்வொண்ணும் 3 செட், செட்டுக்கு 6 முதல் 10 ரெப். கடைசி 20 நிமிஷம் ட்ரெட்மில்லில் 8 அளவு ஏற்றம் வெச்சு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல நடங்க.

கைப்பிடியைப் பிடிக்காதீங்க. ஏற்றத்துல கைப்பிடியைப் பிடிச்சுப் பின்னால சாஞ்சா உடம்பு எடையில ஒரு பங்கைக் கை தாங்கிடும், கால் சும்மா உருளும். மெஷினுக்கு அது தெரியாது, திரையில அதே கலோரியைக் காட்டும். பிடிக்காம நடக்க முடியலேன்னா ஏற்றத்தை 4 ஆக்குங்க.

காக்கிக் கனவு: வயசு 22, எடை 64 கிலோ. போலீஸ் தேர்வுக்குத் தயார் பண்றேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும், எனக்கு 7:40 ஆகுது. கயிறு 5 மீட்டர் ஏறிடுவேன், ரெண்டு ஸ்டாருக்கு (மதிப்பெண் தரம்) 6 மீட்டர் வேணும். தினமும் காலையில 3 கிலோமீட்டர் முழு வேகத்துல ஓடறேன், சாயங்காலம் ஜிம். ரெண்டு மாசமா நேரம் குறையவே இல்ல அண்ணா.

தினமும் முழு வேகத்துல ஓடறதுதான் காரணம். உடம்பு என்னைக்குமே தெளியறதில்ல. அதனால வேக நாளும் மந்தமா போகுது, ஜிம்முலயும் பாரம் ஏறல.

முதல்ல கணக்கைப் பாருங்க. 7 நிமிஷம்னா 420 விநாடி. 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி. நீங்க இப்போ ஒரு சுற்றுக்கு 123 விநாடி எடுக்கிறீங்க. அந்த 112 காலுக்குப் பழகணும்.

செவ்வாய் காலை: 10 நிமிஷம் மெதுவோட்டம், அப்புறம் 400 மீட்டர் 5 தடவை. ஒவ்வொண்ணும் சரியா 112 விநாடி, நடுவுல 2 நிமிஷம் நடை. முதல் சுற்றை 100 விநாடியில ஓடிக் காட்டாதீங்க, நாலாவதுல கால் செத்துடும். அஞ்சும் 112க்குள்ள வந்த பிறகு ஓய்வை 90 விநாடியாக்குங்க, அடுத்து 60. அதுவும் வந்துட்டா 600 மீட்டர் 3 தடவை, ஒவ்வொண்ணும் 2:48. அன்னைக்குச் சாயங்காலமே கால் வெயிட்: ஸ்குவாட் 3 செட் 5 ரெப், ரொமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேரா வெச்சு இடுப்புல மடிஞ்சு பாரம் தூக்குறது) 3 செட் 6 ரெப், ஒற்றைக் கால்ல கெண்டைக்கால் ஏற்றம் 3 செட் 12. 35 நிமிஷத்துல முடிச்சிடுங்க.

ஒரே நாள்ல ரெண்டு கஷ்டமான்னு கேட்பீங்க. ஆமா, வேணும்னுதான். கஷ்டமான வேலையெல்லாம் ஒரே நாள்ல விழுந்தா மறுநாள் நிஜமா லேசா இருக்கும். இன்னைக்கு இன்டர்வல் (அந்த 400 மீட்டர் மாதிரி விட்டு விட்டு ஓடறது), நாளைக்குக் கால் வெயிட்னு போட்டா ரெண்டு நாளும் கெட்டுப்போகும். காலைக்கும் மாலைக்கும் நடுவுல 6 மணி நேரமாவது விடுங்க, நல்லா சாப்பிடுங்க.

புதன்: 35 நிமிஷம் மெதுவோட்டம். பக்கத்துல ஓடறவரோட முழு வாக்கியமா பேச முடியணும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தா அது மெதுவோட்டம் இல்ல. வியாழன் ஓய்வு. வெள்ளி: 60 மீட்டர் வேக ஓட்டம் 4 தடவை, நடுவுல 3 நிமிஷம் முழு ஓய்வு, அப்புறம் நீளம் தாண்டுதல் 6 தடவை, போதும். சனி: கயிறு. ஞாயிறு: 50 நிமிஷம் மெதுவோட்டம். திங்கள்: நடை, இல்லேன்னா ஓய்வு.

கயிறுல அந்தக் கடைசி 1 மீட்டர் பெரும்பாலும் பிடிப்பு விட்டுத்தான் போகும், கைத்தசை பலம் இல்லாம இல்ல. புல் அப் கம்பியில ரெண்டு துண்டைத் தொங்கவிட்டு கைக்கொண்ணா பிடிச்சு 20 விநாடி தொங்குங்க, 4 செட். பிறகு புல் அப் 4 செட் 5 ரெப். அதுக்கப்புறம் கயிறு 3 ஏற்றம் மட்டும். இறங்கும்போது சறுக்காதீங்க, கை மாத்திக் கை வெச்சு இறங்குங்க. உள்ளங்கை தோல் உரிஞ்சா 10 நாள் பயிற்சி போச்சு.

தேர்வுக்கு 10 நாள் முன்னாடி வெயிட் செட்டைப் பாதியாக்குங்க, கடைசி 5 நாள் வெயிட்டே வேண்டாம். இந்த வருஷ அறிவிக்கையில அளவும் விதியும் என்னன்னு நீங்களே ஒரு தடவை படிச்சுடுங்க.

பழைய ஓட்டக்காரர்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஓடறவனுக்கு ஸ்குவாட் எதுக்கு? கால் கனத்துடும், ஓட்டம் மந்தமாகும். நாங்கெல்லாம் மைதானத்துல பஸ்கி போட்டதோட சரி.

பஸ்கி நல்ல பயிற்சி ஐயா, மறுக்கல. ஆனா 100 பஸ்கி போடறது தாங்குதிறனைத்தான் வளர்க்கும், அதை ஓட்டமே கொடுத்துடுது. 5 ரெப்புக்கு மேல தூக்க முடியாத பாரம் வேற வேலை செய்யுது. தரையில கால் படற நேரத்துல அழுத்துற பலம் கூடும், அதே வேகத்துக்குச் செலவாகுற மூச்சு குறையும். 1999ல ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்த ஓட்டக்காரர்களை வெச்சுப் பார்த்தாங்க. 9 வாரம், பயிற்சி நேரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கை எடுத்துட்டுத் தாவல், சட்டுனு பாயற வெடிப்பு வலிமைப் பயிற்சி கொடுத்தாங்க. 5 கிலோமீட்டர் நேரம் குறைஞ்சுது. ஆக்சிஜன் உள்வாங்குற உச்ச அளவு மாறாமலேயே குறைஞ்சுது.

பழைய ஓட்டக்காரர்: சரி, அப்போ ரெண்டையும் சேர்த்தா ஒண்ணை ஒண்ணு கெடுக்கும்னு எல்லா ஜிம்முலயும் சொல்றாங்களே, அது பொய்யா?

பொய் இல்ல, பாதி மட்டும் சொல்றாங்க. இந்தப் பேச்சு 1980ல ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வுல தொடங்குது. மூணு குழு: ஒண்ணு வலிமை மட்டும், ஒண்ணு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒண்ணு ரெண்டும். 10 வாரம். ரெண்டும் செஞ்ச குழுவோட கால் பலம் முதல் 7 வாரம் நல்லாவே ஏறிச்சு, அப்புறம் நின்னுது, கடைசி ரெண்டு வாரம் இறங்கிச்சு. ஆனா அவங்க வலிமைப் பயிற்சி வாரத்துக்கு 5 நாள், தாங்குதிறன் பயிற்சி 6 நாள் செஞ்சாங்கங்கிறதை யாரும் சொல்றதில்ல. அதுவும் மெதுவா இல்ல, கடுமையா, தினம் 40 நிமிஷம். அந்த அளவுக்குச் செஞ்சா யாருக்குத்தான் கால் தெளியும்? அதோட, ரெண்டும் செஞ்சவங்களோட தாங்குதிறன் கொஞ்சமும் குறையல. அதனால உங்க ஓட்டத்தை ஸ்குவாட் கெடுக்காது. ஓட்டம் அளவு மீறினா ஸ்குவாட்தான் கெடும்.

அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததுல தசை அளவும் உச்ச பலமும் பெருசா பாதிக்கப்படறதில்லன்னுதான் தெரியுது. அடிபடறது வெடிப்பு பலம்: தாவறது, சட்டுனு பாயறது. அதுவும் ரெண்டையும் ஒரே நேரத்துல அடுத்தடுத்துச் செய்யும்போதுதான் கூடுதலா. 3 மணி நேரமாவது இடைவெளி விட்டா அது மட்டுப்படும். போலீஸ் தேர்வுத் தம்பிக்கு வேக ஓட்டத்தையும் தாண்டுதலையும் தனியா வெள்ளிக்கிழமை போட்டது அதுக்காகத்தான்.

பனியன் நகரம்: வெயிட் முன்னாடியா கார்டியோ முன்னாடியா?

முதல் பதில்ல இருக்கு.

இரு பிள்ளைகளின் தாய்: வயசு 52, 71 கிலோ. 8 வருஷமா சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். தினமும் காலையில வெறும் வயித்துல 45 நிமிஷம் நடக்கிறேன். வெயிட் தூக்கலாமா? சில நாள் நடக்கும்போது கை நடுங்குது.

கை நடுக்கத்தை முதல்ல பார்ப்போம்மா. கிளிமிபிரைடு இன்சுலின் சுரப்பைக் கூட்டிச் சர்க்கரையை இறக்குற மாத்திரை. வெறும் வயித்துல 45 நிமிஷம் நடந்தா சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். அடுத்த தடவை நடுங்கினா நின்னு குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழ இருந்தா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கலந்து குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. அந்த எண்ணைக் குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை அளவையோ நேரத்தையோ அவர்தான் மாத்தணும். அதுவரைக்கும் வெறும் வயித்துல நடக்க வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி 100க்குக் கீழ இருந்தா ரெண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுட்டுப் போங்க.

நடையையும் உடைச்சுக்குங்க. மூணு வேளைச் சாப்பாட்டுக்கு அப்புறமும் 15 நிமிஷம். சாப்பிட்டதும் ஏறுற சர்க்கரையைத் தசை அப்பவே இழுத்துக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கிறதை விடவே விடாதீங்க.

வெயிட் கட்டாயம் செய்யலாம், செய்யணும். வாரத்துக்கு 2 நாள் போதும். நாற்காலியில உட்கார்ந்து கையை ஊனாம எழுந்திருக்கிறது 2 செட் 10. சுவத்துல கை வெச்சுத் தண்டால் 2 செட் 10. 1 லிட்டர் தண்ணி பாட்டிலைக் கைக்கொண்ணா பிடிச்சு, குனிஞ்சு இடுப்பு வரைக்கும் இழுக்கிறது 2 செட் 12. சமையல் மேடையைப் பிடிச்சுக் குதிகால் தூக்குறது 2 செட் 15. எல்லாத்துலயும் தூக்கும்போது மூச்சை வெளிய விடுங்க, அடக்காதீங்க. அடக்கினா இரத்த அழுத்தம் சட்டுனு ஏறும். விழித்திரை பரிசோதனை ஒரு வருஷமா பண்ணலேன்னா அதை முடிச்சுட்டுப் பாரத்தைக் கூட்டுங்க. நடந்துட்டு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க, கொப்புளம் வந்தாலும் வலி தெரியாம இருக்கலாம்.

கபடி ரைடர்: வயசு 19. மேட்ச்ல ரெண்டாம் பாதியில மூச்சு போயிடுது. கோச் தினம் 5 கிலோமீட்டர் ஓடச் சொல்றார்.

ஒரு ரைடு 30 விநாடி. 5 கிலோமீட்டர் ஓட்டத்துல அந்த 30 விநாடியோட சாயலே இல்ல. வாரத்துக்கு ஒரு நாள் மெதுவா ஓடுங்க, அடித்தளத்துக்கு அது போதும். ரெண்டு நாள் இதைச் செய்யுங்க: 10 மீட்டர் கோட்டுக்குள்ள முன்னும் பின்னும் பக்கவாட்டுலயும் 30 விநாடி முழு வேகம், 60 விநாடி நடை, 8 தடவை. 5 நிமிஷம் ஓய்வு, மறுபடி 8. கால் வெயிட் நாளையும் இதையும் ஒட்டி வைக்காதீங்க. கோச்சை எதிர்த்துப் பேச வேண்டாம், இந்த அட்டவணையைக் காட்டிக் கேட்டுப் பாருங்க.

ஸ்லிம் ஆகணும்: காலையில வெறும் வயித்துல கார்டியோ பண்ணா கொழுப்பு அதிகம் கரையுமா?

ஓடற அந்த ஒரு மணி நேரத்துல கொழுப்பு கொஞ்சம் அதிகமா எரியும், மீதி நாள்ல அது சரியாயிடும். 2014ல 20 இளம் பெண்களை 4 வாரம் ஒரே உணவுக் கட்டுப்பாட்டுல வெச்சுப் பார்த்தாங்க. சாப்பிட்டுட்டு ஓடினவங்களும் சாப்பிடாம ஓடினவங்களும் ஒரே அளவுதான் குறைஞ்சாங்க. எது வசதியோ அப்படிச் செய்யுங்க. சர்க்கரை மாத்திரை எடுக்கிறவங்க மேல சொன்னதைப் படிங்க.

தொப்பை கணேசன்: தொப்பை மட்டும் குறைய எந்தக் கார்டியோ?

எதுவும் இல்ல. உடம்பு மொத்தமா குறையும்போது அதுவும் குறையும்.

ஜிம் புதுமுகம்: கார்டியோ செஞ்சா தசை கரைஞ்சுடுமா? ட்ரெட்மில்ல கைப்பிடியைப் பிடிச்சு 20 நிமிஷம்தான் நடக்கிறேன்.

அந்த 20 நிமிஷ நடையில ஒரு கிராம் தசையும் கரையாது. தசை கரையறது சாப்பாடு குறையறதால. உங்க எடையில கிலோவுக்கு தினம் 1.6 கிராம் புரதம் கணக்கு வெச்சுக்குங்க. முட்டை ஒண்ணுல 6 கிராம், 100 கிராம் பனீர்ல 18, வேகவைக்காத பாசிப்பயறு 50 கிராம்ல 12. இட்லி ஒண்ணுல 2 தான், அதை நம்பி இருக்காதீங்க. கைப்பிடியை விடுங்க.

ஒரகடம் ஷிஃப்ட்: வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுது. நைட் ஷிஃப்ட் வாரத்துல ஒண்ணுமே முடியல, விட்டுடறேன். அடுத்த வாரம் முதல்ல இருந்து தொடங்குற மாதிரி இருக்கு.

விட்டுடாதீங்க, குறைங்க. பலம் ஒரு வாரத்துல போகாது. பாரத்தை அப்படியே வெச்சுக்கிட்டு செட்டை மட்டும் மூணுல ஒண்ணாக்கினா பல வாரம் தாங்கும். நைட் வாரத்துக்கு ரெண்டே நாள், 25 நிமிஷம்: ஸ்குவாட், தண்டால், இழுப்பு, ஒவ்வொண்ணும் கனமா ஒரே செட். தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி செய்யுங்க. ஷிஃப்ட் முடிச்சு வந்து செய்யாதீங்க, தூக்கம்தான் கெடும். இன்டர்வல் ஓட்டம் அந்த வாரம் வேண்டவே வேண்டாம், 30 நிமிஷ நடை போதும். வார மொத்தம் நடுத்தர வேகத்துல 150 நிமிஷம், வலிமைக்கு 2 நாள்ங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற கீழ் எல்லை. பகல் ஷிஃப்ட் வாரத்துல அதைத் தாண்டிக்கலாம்.

முட்டி வலி: ஓடினா முட்டிக்கு உள்பக்கம் வலிக்குது, என்ன வெயிட் செய்யணும்?

பார்க்காம சொல்ல மாட்டேன். பிசியோதெரபிஸ்டைப் பாருங்க. அதுவரைக்கும் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள், இருக்கையை உயர்த்தி வெச்சு.

சேலம் சிவா: கார்டியோ முதல்லயா...

முதல் பதில்.

பழைய ஓட்டக்காரர்: எனக்கு 58 வயசு. நீங்க சொன்னதை யோசிச்சேன். வாரத்துக்கு 4 நாள் ஓடறேன், குதிகால் நரம்பு காலையில இறுகுது. அந்தக் கெண்டைக்கால் பயிற்சியை எப்படிச் செய்யணும்?

படிக்கட்டு ஓரத்துல முன்பாதம் மட்டும் ஊனி நில்லுங்க ஐயா, சுவத்தை விரல் நுனியால தொட்டுக்குங்க. ரெண்டு காலாலயும் மேல போங்க, ஒரு காலால இறங்குங்க, 3 விநாடி எடுத்து மெதுவா. குதிகால் படிக்குக் கீழ அதிகம் தாழ வேண்டாம், முதல் 2 வாரம் படி மட்டத்தோட நிறுத்திக்குங்க. 3 செட் 12, வாரத்துக்கு 3 நாள், ஓட்டம் முடிஞ்ச பிறகு. லேசான இழுப்பு இருக்கலாம். மறுநாள் காலையில இறுக்கம் முந்தின நாளைவிடக் கூடியிருந்தா செட்டைக் குறைங்க. 15 ரெப் சுலபமா வந்ததும் முதுகுப்பையில 5 கிலோ அரிசி போட்டுக்கிட்டு 8 ரெப்புல இருந்து தொடங்குங்க. 3 மாசம் விடாம செய்யணும், நீங்க நரம்புன்னு சொல்றது தசைநாண், அது தசையைவிட மெதுவாத்தான் பலப்படும்.