கோபத்துக்குப் போடும் புள்ளடி

அன்புள்ள அண்ணன்,

நான் தம்பிலுவிலில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். தேர்தல் காலம் வந்தாலே எனக்கு மனம் விட்டுப்போகிறது. ரோட்டு, குளம், ஆஸ்பத்திரி பற்றி யாரும் கேட்பதில்லை. மேடையில் யார் கண்ணீர் வரவைக்கிறாரோ, யார் நரம்பு புடைக்கக் கத்துகிறாரோ, அவருக்கே புள்ளடி. எங்கட சனம் உணர்ச்சியை விட்டுவிட்டு அறிவால் வாக்களிக்கும் காலம் வருமா? பிள்ளைகளுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?

ஓர் ஆசிரியர், தம்பிலுவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் சலிப்பு விளங்குகிறது. ஆனால் உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டு வாக்களிக்கும் மனிதர் எந்த ஊரிலும் இல்லை. நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட சில நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பரீட்சை வைத்தால் அவர்களுடைய அறிவில் குறை தெரியாது, உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிருந்தது. அவர்களால் வாழ்க்கையில் ஒரு சாதாரண முடிவைக்கூட ஒழுங்காக எடுக்க முடியவில்லை. எது முக்கியம் என்று மனம் சொல்லாவிட்டால், அறிவு எதைத்தான் எடைபோடும்?

மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராடத் தொடங்கினார்கள். அந்தப் பந்தலில் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்காயத்தோடு கிடந்த தன் பசுவின் படத்தைப் போனில் காட்டும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அதே மூச்சில், அந்தக் காணி மகாவலி அதிகார சபையின் கீழ் எப்படி வந்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த எம்.பி. பந்தலுக்கு வந்தார், எவர் எட்டியும் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அடுத்த தேர்தலில் யாருக்குப் போட்டிருந்தாலும், அதை வெறும் உணர்ச்சி வாக்கு என்று தள்ள எனக்கு மனம் வராது. அந்த வேதனை இருந்ததால்தான் அவர் இவ்வளவையும் தேடி அறிந்து வைத்திருந்தார்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். எல்லா உணர்ச்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அமெரிக்க அரசறிவியலாளர் ஜோர்ஜ் மார்கஸும் அவரோடு சேர்ந்தவர்களும் வாக்காளர்களை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்கள்: உற்சாகம் வந்தால் மனிதர் பழக்கப்பட்ட கட்சிக்கே போடுகிறார், பதற்றம் வந்தால் பழக்கத்தை நிறுத்திவிட்டு நாலு பேரைக் கேட்கிறார், தகவல் தேடுகிறார். பின்னால் வந்த ஆய்வுகள் கோபத்தைத் தனியே பிரித்துப் பார்த்தன. கோபம் வந்தவருக்கு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை, யாரை அடிப்பது என்று மட்டும்தான் தெரிகிறது.

எங்கள் மாவட்டங்களில் பதற்றம், கோபம் இரண்டையும் பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு ஒருவர் போகத் தயங்கிய நாட்கள் உண்டு. அந்த நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. மட்டக்களப்பில் 78 வீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தது. இரண்டு சமூகமும் சேராமல் அப்படி ஒரு தொகை வராது. கோட்டாபய ராஜபக்ஷ வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. பயம்தான், ஆனால் யோசித்த பயம். கோட்டாபய ஆட்சி நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது எல்லோருமே பார்த்தார்கள்.

அடுத்தது உங்கள் அம்பாறை மாவட்டத்தில் நடந்தது. தமிழர் பெரும்பான்மையாக உள்ள கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாகத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நியாயமான கோரிக்கை, ஆறாத மனக்குறை. 2020 பொதுத் தேர்தலில் அது முழுக்கக் கோபமாக மாறித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மீது திரும்பியது. முன்னாள் புலித் தளபதி கருணா அம்மான் தலைமையில் போட்டியிட்ட அணி 29 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு எடுத்தது, கூட்டமைப்பு 25 ஆயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் ஆசனம் இல்லை. 38 ஆயிரத்துச் சொச்சம் எடுத்த, முஸ்லிம் தலைமையிலான தேசிய காங்கிரஸுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. பிறகு கூட்டமைப்பு தன் தேசியப் பட்டியல் ஆசனத்தை, அதாவது கட்சி நியமிக்கும் ஆசனத்தை, அம்பாறைக்குக் கொடுத்தது, சரி. ஆனால் சனம் புள்ளடி போட்டு ஒரு தமிழ் உறுப்பினரையும் அனுப்ப முடியாமல் போனது அந்தத் தேர்தலில்தான். கூட்டமைப்பு மீது கோபப்படக் காரணம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கோபத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்கள், வாக்கு இரண்டாக உடைந்தால் எண்ணும்போது என்ன நடக்கும் என்று ஒரு கூட்டத்திலாவது சொன்னார்களா? கேட்கவேண்டிய நாமும் கேட்கவில்லை.

சனத்தின் மீது நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். 2024 செப்டெம்பரில் மட்டக்களப்பு மறுபடியும் சஜித்தை முதலாவதாக வைத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு அங்கே ஓர் ஆசனமும் இல்லை. கூட்டமைப்பில் முக்கிய கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சிக்கு மூன்று. நாட்டில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி அந்தத் தேர்தலில் முதலாவதாக வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்புதான். கொழும்பில் யார் இருப்பது என்பதையும் எங்களுக்காக யார் பேசுவது என்பதையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் அங்கே வாக்களித்திருக்கிறார்கள். அம்பாறையிலும் தமிழரசுக் கட்சி அந்தத் தேர்தலில் ஓர் ஆசனத்தை மீட்டது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். உணர்ச்சி கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் அம்மம்மா அழுவதற்குக் காரணம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2020 திகாமடுல்ல (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) முடிவைக் கரும்பலகையில் எழுதி, கணக்கை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். ஐந்து வீதத்துக்குக் கீழே உள்ளவர்களை வெட்டி, முதலாவது கட்சிக்குப் போனஸ் ஆசனத்தைக் கொடுத்து, மிச்சம் ஆறு ஆசனத்தையும் பங்கிடட்டும். பிறகு அந்த இரண்டு தமிழ் அணிகளின் வாக்கையும் கூட்டி இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் அக்கரைப்பற்றில் படிப்பிக்கும் ஒரு முஸ்லிம் ஆசிரியரோடு பேசி, அதே கணக்கை அவருடைய வகுப்பிலும் போடவையுங்கள். அந்தப் பிள்ளைகள் வேறு கேள்வி கேட்பார்கள். அதையும் உங்கள் வகுப்பு கேட்கட்டும்.

அன்புடன்.