அம்மாவுக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அம்மா தவறி ஆறு மாதம் ஆகிறது. பேரப்பிள்ளைகளுக்காக ஒரு நினைவு மலர் போடலாம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். எல்லோரும் "அன்பின் உருவம், பொறுமையின் சிகரம்" என்றே எழுதித் தருகிறார்கள். படித்தால் அம்மா முகமே தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எழுதியவர்கள் மேல் தப்பில்லை. "அம்மாவைப் பற்றி எழுது" என்றால் அப்படித்தான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். கோபம் வந்தால் என்ன செய்வார்? கைப்பையில் என்னென்ன இருக்கும்? வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது எதை இரண்டு தடவை சரிபார்ப்பார்? உங்களை மட்டும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? ஒருவருக்கு ஒரு கேள்விதான். பதில் அரைப் பக்கம் வந்தால் போதும். "பொறுமைசாலி" என்று யாராவது எழுதினால், "எப்போது, யாரிடம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

எழுத வராதவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு அமர்வுக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் வயதானவர்கள் களைத்துப்போய்ச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கை பட்ட தட்டல் எல்லாம் பதிவாகும். கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் நினைவு தானாக வரும். அண்ணன் தங்கை இருவரையும் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் குரல் பெரிய ஆள் சொல்வதே இருவர் நினைவாகவும் ஆகிவிடும். வருடக் குழப்பம் தீர்க்க மட்டும் அப்புறம் சேர்த்து வையுங்கள்.

வருடம் நினைவில்லாத படத்தில் கைக்குழந்தை யாராவது இருக்கிறதா பாருங்கள். அந்தக் குழந்தை பிறந்த வருடத்திலிருந்து கணக்குப் போடலாம். சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் வீட்டில் சொல்வது வேறொன்றுமாக இருந்தால் இரண்டையும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லியே அச்சிடுங்கள். நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பின்னால் தேடுகிறவருக்கு மற்றது கிடைக்காமலே போகும்.

சின்னப் பேரன் பேத்திகளைப் படம் வரையச் சொல்லி, அவர்கள் சொல்வதை அப்படியே கீழே எழுதுங்கள். மழலையைத் திருத்த வேண்டாம்.

கேள்வி: பழைய ஆல்பத்தில் படங்கள் பசையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கண்ணாடிச் சட்டத்தில் இருந்த ஒரு படம் கண்ணாடியோடேயே ஒட்டிவிட்டது. பிரித்தால் கிழியுமோ?

பதில்: கிழியும். அதனால் முதலில் முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு கிழிந்தாலும் நகல் இருக்கும். ஆல்பம் படத்துக்கு, வாசனையோ மெழுகோ சேர்க்காத பல் இடுக்கு நூலை மூலையில் நுழைத்து, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தபடி உள்ளே நகர்த்துங்கள். படம் தட்டையாகவே இருக்க வேண்டும். வளைத்தால் மேற்பூச்சு வெடிக்கும். நூல் நகராவிட்டால் விட்டுவிடுங்கள். சூடு காட்டிப் பார்க்க வேண்டாம். பசை இளகி இன்னும் உள்ளே ஊறக்கூடும்.

கண்ணாடியோடு ஒட்டியதைத் தொடவே கூடாது. ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் ஊதிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கும், காகிதம் கையில் வரும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம்.

அளவு: அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு). பாஸ்போர்ட் படம் போலச் சின்னதாக இருந்தால் 1200. 2 அங்குல அகலப் படத்தை 1200-ல் எடுத்தால் 2400 புள்ளி கிடைக்கும். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ-யில் அது 8 அங்குலம் வரை பெரிதாகும். 300-ல் எடுத்திருந்தால் அதே 2 அங்குலம்தான். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு ஜேபெக் நகல் எடுங்கள். படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், முதுகில், ஓரமாக. பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் கோடாகத் தெரியும்.

கேள்வி: அம்மாவின் குரல் ஒரு கேசட்டிலும், வாட்ஸ்அப் ஆடியோக்களிலும் இருக்கிறது. எது அவசரம்?

பதில்: வாட்ஸ்அப். பலர் கேசட்டைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், போனை அலட்சியமாக டிராயரில் போட்டுவிடுகிறார்கள். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். ரீசார்ஜ் நின்றால் நம்பரும் வேறொருவருக்குப் போய்விடலாம். கூகுள் கணக்கையும் 2 ஆண்டு தொடாமல் இருந்தால் அழிக்கப்படலாம். அதனால் சிம்மை உயிரோடு வைத்து, போனை ரீசெட் செய்யாமல், அம்மா பேசிய ஒவ்வொரு வாட்ஸ்அப் உரையாடலையும் மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஃபார்வர்டு செய்து சேகரிக்காதீர்கள். அதில் பேசிய நாள் போய், ஃபார்வர்டு செய்த நாள் நின்றுவிடும். எக்ஸ்போர்ட்டோடு வரும் எழுத்துக் கோப்பில் எந்த ஆடியோ எந்தத் தேதி என்பது இருக்கும். அம்மா அனுப்பியதைப் பெற்றவர்கள் போனிலும் ஆடியோ இருக்கலாம், அவர்களிடமும் கேளுங்கள்.

கேசட்டுக்கு: மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். அது உதிர்ந்திருந்தால் குரல் அமுங்கிக் கேட்கும். ஒருமுறை முழுதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றி, பிளேயரின் ஹெட்டை (நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஒலித்தரம் குறையாத வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்குவது நகலில் மட்டும். மூலக் கோப்பில் இருமலும் இருக்கட்டும்.

கேள்வி: கடிதங்களை லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாலியஸ்டர் உறையில் போடுங்கள். செல்லோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகிக் கறை விடும்.

கேள்வி: அச்சகத்தில் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: யுனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். இல்லாவிட்டால் "கொ", "கௌ" எல்லாம் கால் தனியாகக் கொம்பு தனியாக நிற்கும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். இரண்டு பக்கம் பரப்பிய படத்தில் அம்மாவின் முகம் நடு மடிப்பில் விழாதபடி தள்ளி வையுங்கள். மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கி, படக்குறிப்புப் பெயர்களைக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே மொத்த அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.