விலையில்லா மென்பொருளும் விலை சொல்லும் கடைகளும்

கேள்வி: என்னிடம் இருப்பது 2016-இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டால் போதும் என்கிறான் மகன். நான் சிறிய ஜவுளிக் கடை நடத்துகிறேன். டாலியில் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், பில் அச்சிடுதல் ஆகியவையே என் வேலை. யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், ஈரோடு

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. தனிநபர்களுக்கென அறிவிக்கப்பட்ட நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் எதிர்பார்ப்பதால், உங்கள் கணினி அதன் அதிகாரப்பூர்வப் பட்டியலுக்குள் வராது. ஆனால் காலாவதியானது இயங்குதளம் மட்டுமே. தாய்ப்பலகையும் திரையும் விசைப்பலகையும் நேற்றுப் போலவே இன்றும் வேலை செய்யும். அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப எந்தக் காரணமும் இல்லை.

இனி மகன் சொல்வதற்கு வருவோம். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். ஒயின் என்னும் இடைநிலை மென்பொருளின் துணையோடு அதை லினக்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது பில் போட்டாக வேண்டிய ஒரு கடைக்கு அந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுப்பொறியையும் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனன் எல்பிபி 2900, கேப்ட் என்னும் தனக்கேயுரிய மொழியில்தான் கணினியோடு பேசும்; லினக்ஸின் பொதுவான இயக்கிகள் (டிரைவர்கள்) அதற்குப் போதமாட்டா. எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை (தன்னை இயக்கும் உள்நிரலை) இறக்கிக்கொள்ளும் ரகம். லினக்ஸில் அதை ஓட்டலாம், ஆனால் கூடுதலாக ஒரு செருகுநிரலை நிறுவ வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவராக இருந்தால், அதைத் தந்த நிறுவனம் லினக்ஸுக்கு இயக்கி தருகிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கடைக் கணக்குக்கு விண்டோஸ் 11 ஓடும் கணினி ஒன்று வேண்டும். அது புத்தம் புதிதாக இருக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள மடிக்கணினியில் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பு வட்டும், 8 ஜிபி ஆகும்படி ரேமும் சேர்த்து, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை நிறுவினால் வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தாராளமாகப் போதும். மின்டின் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ஆறாம் தலைமுறைக் கணினிகளில் சில டிடிஆர்3எல் ரேமும் சில டிடிஆர்4 ரேமும் கொண்டவை; ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

கடைக்கென்று புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினி வாங்குவதானால், சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊராக இருந்தாலும், லினக்ஸ் மின்ட் எழுதிய பென்டிரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். எதையும் நிறுவாமலே, அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, விசைகள் எல்லாவற்றையும் கடையிலேயே சோதித்துவிடலாம். அதிலுள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலி, வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும். பேட்டரி விவரத்தில் ஆலையில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் தனித்தனியே இருக்கும். முதலாவது 50 வாட்-மணி, இரண்டாவது 29 வாட்-மணி என்றிருந்தால், ‘பேட்டரி புதுசு சார்’ என்ற பேச்சுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) நுழையக் கடவுச்சொல் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால், முன்பு அதை வைத்திருந்த நிறுவனத்தின் பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை என்று பொருள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம். பென்டிரைவைச் செருகவே விடாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: கல்லூரியில் சேரும் மகளுக்காக மடிக்கணினி பார்த்தோம். ‘டாஸ் மாடல்’ என்று சில ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் அவர்களே விண்டோஸ் போட்டுத் தருவார்களாம். வாங்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: கணினியை வாங்கலாம், அந்த ஐந்நூறு ரூபாய்ச் சேவை மட்டும் வேண்டாம். டாஸ் மாடல் எனப்படுவதில் பெரும்பாலும் இருப்பது ஃப்ரீடாஸ். விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் இயங்குதளமான எம்எஸ்-டாஸின் காலம் முடியப்போகிறது என்ற நிலையில், 1994-இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் அதற்கு மாற்றாகத் தொடங்கிய கட்டற்ற (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய) இயங்குதளம் அது, அதன் 1.4 பதிப்பு 2025-இல்கூட வெளிவந்தது. பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு அருமையானது. உங்கள் மகளின் கல்லூரிப் பாடங்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது. விண்டோஸ் உரிமக் கட்டணத்தைச் சேர்க்காமல், ஏதோ ஓர் இயங்குதளத்தோடு விற்கப்படுகிறது என்பதற்காகவே நிறுவனங்கள் அதை வைக்கின்றன.

ஐந்நூறு ரூபாய்க்குப் போடப்படும் விண்டோஸ், அநேகமாக உரிமச் சோதனையை ஏமாற்றும் ‘ஆக்டிவேட்டர்’ ஒன்றின் தயவில் ஓடுவதாக இருக்கும். அந்த நிரலை இயக்குவதற்காக வைரஸ் தடுப்பை முதலில் அணைத்துவிடுவார்கள். அதனோடு வேறு என்னென்ன உள்ளே வந்தன என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டப்படியும் இது சில்லறை விஷயமன்று. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காக அல்லாத நிலையில் சிறையைத் தவிர்த்து, ஐம்பதாயிரம் வரையிலான அபராதத்தோடு விடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அந்த வழக்கே தேவையில்லை அல்லவா?

மகளின் துறைக்கு விண்டோஸ் கட்டாயமானால், உரிமத்தோடு வரும் மாடலையே வாங்குங்கள். லினக்ஸே போதும் என்றால் டாஸ் மாடல் நல்ல பேரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மிக அண்மையில் சந்தைக்கு வந்த மாடல்களில் வைஃபை அட்டையை லினக்ஸ் உடனே அடையாளம் காணாமல் போவதுண்டு. மேலே சொன்ன பென்டிரைவ் சோதனையை இங்கும் செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: லிபர்ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளை நிறுவிக் கொடுத்ததற்கு ஒருவர் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அது இணையத்தில் இலவசம் என்று இப்போது தெரிகிறது. புகார் கொடுக்கலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: என்ன சொல்லி வாங்கினார் என்பதைப் பொறுத்தது. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்பது குற்றமன்று. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் தம் ஈமேக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தாம். உங்கள் வீட்டுக்கு வந்து, நிறுவி, தமிழ்த் தட்டச்சையும் அமைத்துக் கொடுத்திருந்தால், அது உழைப்புக்கான கூலி. கூடுதல் என்று தோன்றலாம், மோசடி ஆகாது. ‘உரிமக் கட்டணம்’ என்றோ, ‘ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்’ என்றோ சொல்லி வாங்கியிருந்தால் கதை வேறு. லிபர்ஆபிஸுக்கு அப்படி ஒரு கட்டணமே கிடையாது. பில் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறையே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள்; சரிவராவிட்டால் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: விண்டோஸ் நிரல்களை அப்படியே ஓட்டும் ரியாக்ட்ஓஎஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் பழைய 32-பிட் நெட்புக்கில் போடலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேடிக்கை பார்க்கப் போடலாம். 1990-களின் இடையிலிருந்து தன்னார்வலர்கள் கட்டிவரும் அந்தத் தளம் இன்னும் ஆல்ஃபா என்னும் தொடக்கச் சோதனை நிலையிலேயே இருக்கிறது. முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள். அதற்குப் பதில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையைப் போடலாம். ஆனால் டெபியன் 13 வெளியானபோது 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. ஆகவே உங்கள் நெட்புக்குக்கு டெபியன் 12 பொருந்தும். அதன் நீண்டகால ஆதரவு 2028 வரை.

கேள்வி: காலமான என் தந்தை சிற்றிதழ் நடத்தியவர். அவர் 1990-களில் தட்டச்சு செய்து வைத்த பிளாப்பி வட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தரவு மீட்பு நிறுவனம் வட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று பெரிய தொகை கேட்கிறது. நானே செய்ய முடியுமா, என்ன வாங்க வேண்டும்? – வாசகி, புதுச்சேரி

பதில்: கடினமான நெகிழி உறைக்குள் இருக்கும் மூன்றரை அங்குல வட்டுகளானால், யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கினால் போதும். வளையக்கூடிய ஐந்தேகால் அங்குல வட்டுகளுக்கு அது உதவாது. பழைய உள்ளமை டிரைவும், அதை யுஎஸ்பி வழியாகப் படிக்கும் கிரீஸ்வீசல் போன்ற பலகையும் வேண்டும்.

டிரைவில் செருகும் முன், ஒவ்வொரு வட்டின் உலோக மூடியையும் விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் பழுப்புப் படலத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கடலோர ஊர் ஈரத்தில் அதில் பூஞ்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் அந்த வட்டைத் தனியே எடுத்து வையுங்கள். செருகினால் பூஞ்சை டிரைவின் முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த நல்ல வட்டுகளையும் கீறிவிடும். மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தால், வட்டில் எதுவும் எழுதப்படாது. செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து ‘வேண்டாம்’ என்று அழுத்துங்கள். இந்த வேலைக்கு லினக்ஸே ஏற்றது: டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற நிரல், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வந்து, வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக்கித் தரும். ஒரு வட்டில் இருப்பது 1.44 எம்பிதான், பெட்டி முழுவதையும் பென்டிரைவின் ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கும். கோப்பைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை போலத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்தைய அக்காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களே புழங்கின. சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள் மிகுதியாகத் தென்பட்டால், அது பாமினி வகையாக இருக்கலாம். அதில் மெய்யெழுத்தின் புள்ளியைக் குறிப்பது அரைப்புள்ளிதான். தலையில் கொம்பும் புள்ளியும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால், டிஸ்கியாகவோ, 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட டாப் அல்லது டாம் குறியாக்கமாகவோ இருக்கக்கூடும். ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரல் தொகுப்புகளில் இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. உங்கள் தந்தையின் அச்சிட்ட இதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரியை வெவ்வேறு குறியாக்கங்களில் மாற்றிப் பாருங்கள். எது ஒத்துவருகிறதோ அதையே மற்றவற்றுக்கும் பயன்படுத்துங்கள். பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளை லிபர்ஆபிஸ் ஓரளவு திறக்கும். பக்க அமைப்பு கலைந்தாலும் எழுத்து கிடைக்கும். மீட்பு நிறுவனத்திடம் போவதென்றால், பூஞ்சை பிடித்துத் தனியே எடுத்துவைத்த வட்டுகளோடு மட்டும் போங்கள்.

கேள்வி: பள்ளியில் நான் முதன்முதலாகத் தொட்ட பிபிசி மைக்ரோ கணினி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘சோதிக்கப்படவில்லை’ என்று போட்டு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். பழைய மென்பொருள்களைத் தரவிறக்குவது சட்டப்படி சரியா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த கணினி அது, நினைவின் மதிப்பை நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் ‘சோதிக்கப்படவில்லை’ என்பதை ‘வேலை செய்யவில்லை’ என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் வணிகராக அல்லாமல் தம் வீட்டுப் பொருளை விற்கும் தனிநபராக இருந்தால், நுகர்வோர் ஆணையத்தை நம்பிப் பயனில்லை. வாங்கினாலும் உடனே மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். அதன் மின்வழங்கிப் பெட்டியில் ரிஃபா வகைக் காகித மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) இருக்கும். வயதாக ஆக அவற்றின் ஒளி ஊடுருவும் உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து ஈரம் இறங்கி, மின்சாரம் பாய்ந்த சிறிது நேரத்தில் நாற்றமடிக்கும் புகையோடு வெடிப்பது பெயர்பெற்ற கோளாறு. புதிய மின்தேக்கிகளின் விலை அற்பம். விவரமறிந்த மின்னணுப் பழுதுநீக்குநரைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, விற்பனை நின்றுவிட்டது என்பதால் பதிப்புரிமை தீர்ந்துவிடாது. இந்தியச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுவதால், ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். உரிமையாளரே திறந்துவிட்டவை வேறு: எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 ஆகியவற்றின் மூலநிரலை 2018-இலும், 4.00-இன் மூலநிரலை 2024-இலும் மைக்ரோசாஃப்ட் எம்ஐடி என்னும் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டது. பிபிசி மைக்ரோவுக்கும் பீப்எம் போன்ற, அந்தப் பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்கள் (எமுலேட்டர்கள்) இலவசமாகக் கிடைக்கின்றன. ஜேஎஸ்பீப் உலாவியிலேயே ஓடும். ஓரிரு வாரம் அதில் பேசிக் நிரல் எழுதிப் பார்த்த பின்னும் அந்தப் பழுப்பு நிறப் பெட்டி வேண்டும் என்றே தோன்றினால், மின்தேக்கி மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.