இன்னும் எட்டாயிரம் கேக்குறாரு, குடுக்கலாமா?

மலேசியால சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தாமான்லேருந்து, அதான் குடியிருப்புலேருந்து, ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அம்மா தோட்டத்துல ரப்பர் பால்மரம் வெட்டினவங்க, தோட்டத்து லயத்து வீட்ட விட்டு வந்தப்புறம் வாங்குன லோ-காஸ்ட் வீடு. பின்னாடி அடுப்படிய இழுத்துக் கட்டலாம்னு ஒரு கொண்ட்ராக்டர்கிட்ட 38,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி இதுவரைக்கும் 26,000 குடுத்தாச்சு. தூண் நிக்குது, சுவரு கூரை மட்டத்துக்கு வந்திருக்கு, பூசல, கூரை போடல. ரெண்டு மாசமா ஆளக் காணோம். போன் பண்ணா சாமான் விலை ஏறிப்போச்சு, இன்னும் 8,000 போட்டாத்தான் கூரைக்கு ஜிங்கு தகடு எறக்க முடியும்ங்கறாராம். பழைய வீடும் புது சுவரும் சேர்ற எடத்துல வெடிப்பு வேற. இவரக் கூட்டிக்கிட்டு வந்தது அம்மாவுக்கு அந்தக் காலத்துலேருந்து தெரிஞ்ச தோட்டத்து ஆளு, கோயில் கமிட்டில இருக்கறவரு, அதனால மூஞ்சிய முறிக்கவும் முடியல. குடுக்கவா வேணாமா, வேற ஆள வைக்கலாமா, எங்க போயி புகார் பண்றதுன்னு கேக்குறாங்க.

குடுக்காதீங்கம்மா. ஒரு காசு குடுக்காதீங்க.

38,000ல 26,000னா நூத்துக்கு 68 பங்கு கைய விட்டுப் போயிடுச்சு. நிக்கறது என்ன, அஸ்திவாரம், தூண், பீம், பூசாத சுவரு. மிச்சம் கூரை, பூச்சு, டைல்ஸ், பைப், வயரிங், கதவு ஜன்னல், பெயின்ட். இந்த மாதிரி அடுப்படி வேலைல மிச்சம் இருக்கறதுதான் காசு திங்கற பகுதி, செஞ்சது பாதிகூட வராது. அப்போ அவருதான் உங்களுக்கு வேலை பாக்கி வச்சிருக்காரு, நீங்க அவருக்குக் காசு பாக்கி வைக்கல. இது மண்டைல நல்லா ஏறட்டும், ஏன்னா போன்ல பேசும்போது அவரு பேசுற பேச்சுக்கு நீங்கதான் கடன்காரி மாதிரி தோணும். விலை ஏறிப்போச்சுங்கறது உங்க தலைவலி இல்ல, மொத்தமா இவ்வளவுன்னு பேசி ஒத்துக்கிட்டா ஏத்தமும் எறக்கமும் அவரோடது. ஜிங்கு விலை எறங்கியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பாரா?

இப்ப அந்தக் கோயில் கமிட்டிக்காரரப் பத்தி பேசணும். எனக்கு வர்ற கேள்வில முக்காவாசி இந்த மாதிரி ஒரு ஆளு நடுவுல நிக்கறாரு. மலாய்ல ஓராங் தெங்காம்பாங்க, நம்ம ஊர்ல ‘நம்ம ஆளு’ம்பாங்க. இவரு சிமெண்ட தொட்டதில்ல, ஆனா யாரு வீட்ல இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) காசு வந்திருக்கு, யாரு மவன் சிங்கப்பூர்லேருந்து அனுப்புறான் எல்லாம் தெரியும். 38,000க்கு உங்ககிட்ட பேசுவாங்க, தனக்குன்னு ஒரு பங்க உருவிக்கிட்டு மிச்சத்துக்கு ஒரு சப்-கொன்கிட்ட, அதான் கீழ் கொண்ட்ராக்டர்கிட்ட, தள்ளி விடுவாங்க, அந்த சப்-கொன் இன்னும் கம்மிக்கு நாலு பங்களாதேசி பையன்கள வச்சி செய்வான். நீங்க குடுத்த காசு கீழ போய்ச் சேராத அன்னிக்கு அந்தப் பையன்க கலவை மெஷின தூக்கி லோரில போட்டுக்கிட்டு அடுத்த சைட்டுக்குப் போயிடுவானுங்க. அவனுங்க மேல என்ன தப்பு? ரெண்டு மாசமா ஆள் வரலன்னா பெரும்பாலும் கதை இதுதான், ஜிங்கு விலை இல்ல. உங்க எட்டாயிரம் உங்க கூரைக்குப் போகாது, வேற எவனோ ஒருத்தர் வீட்டு கூரைக்குப் போகும், அதான் நடக்குது.

அதனால முதல் வேலையா பேங்க் ஸ்லிப்ப எடுத்து வச்சி, காசு யார் பேர்ல உள்ள அக்கவுண்டுக்குப் போயிருக்குன்னு பாருங்க. கொண்ட்ராக்டர் பேரா, அவரு பொண்டாட்டி பேரா, இல்ல நம்ம கமிட்டிக்காரரு பேரா. ரொக்கமா குடுத்திருந்தா எந்த தேதி எவ்வளவுன்னு இன்னிக்கே எழுதி, அவருக்கு வாட்ஸ்அப்ல ‘நான் குடுத்த கணக்கு இது, சரிதானே’ன்னு அனுப்பிடுங்க. சரின்னு ஒரு வார்த்தை பதில் வந்தா அதுவே ரசீது. நம்ம பழைய தோட்டத்து ஆளுங்க இதுல கெட்டிக்காரங்க. 1960ல மஇகா தலைவரா இருந்த துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளிங்க காசு போட்டு தோட்டம் வாங்கறதுக்கு நில நிதி கூட்டுறவு சங்கத்த ஆரம்பிச்சப்போ பங்குக்குக் கட்டின காசுக்கு ரசீத தகரப் பெட்டில வச்சி பூட்டினவங்க அவங்க. அவங்க புள்ளைங்க 26,000 வெள்ளிய ஒரு துண்டு பேப்பர்கூட இல்லாம தூக்கிக் குடுக்குதுங்க, கேட்டா தெரிஞ்சவருண்ணேங்குது.

வெடிப்புக்கு வரேன். பழைய வீடு இத்தன வருசத்துல எறங்க வேண்டியது எறங்கி உக்காந்துடுச்சு, புது அஸ்திவாரம் இப்பதான் உக்கார ஆரம்பிக்குது. ஒன்னு எறங்கி ஒன்னு எறங்காம இருந்தா சேர்ற எடத்துல மேலேருந்து கீழ நேர்கோடா விடும். அது அசிங்கமா இருக்கும், ஆனா உடனே பயப்பட வேணாம். பயப்பட வேண்டியது கல்லு கல்லா படிக்கட்டு மாதிரி சாய்வா ஓடுற வெடிப்பு, இல்ல தூண் மேலயே கோடு விழுந்திருந்தா அது. எப்படிப் பாக்கறதுன்னா, ஒரு பழைய ஏடிஎம் கார்ட எடுத்து சொருகிப் பாருங்க, நுழையற எடத்துல ரெண்டு பக்கமும் பென்சில்ல குறுக்கா ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, ஒரே கோணத்துல போட்டோ எடுங்க. வாராவாரம் அதே மாதிரி. கோடு வெலகிக்கிட்டே போனா இஞ்சினியர கூப்பிட்டே ஆவணும், எந்த கொண்ட்ராக்டர் பேச்சையும் கேக்காதீங்க. தூண் தலைல நீட்டிக்கிட்டு இருக்கற கம்பியையும் பாருங்க. மழைல நனைஞ்சி மேலால செவப்பா துரு இருந்தா பரவால்ல, கையால தேய்ச்சா செதில் செதிலா உதிர்ந்தா அந்தக் கம்பி மேல புது கான்கிரீட் போட விடக்கூடாது. மூலைல விட்டுட்டுப் போன சிமெண்ட் மூட்டை இருக்குமே, அத அமுக்கிப் பாருங்க, கட்டி தட்டியிருந்தா தூக்கி எறிங்க. அடுத்து வர்றவன் வீணாக்கக் கூடாதுன்னு அதையே கலந்து பூசிட்டுப் போயிடுவான்.

வேற ஆள வைக்கலாமான்னா வைக்கலாம், ஆனா நாளைக்கே வைக்காதீங்க. முதல்ல மூலை முடுக்கு விடாம போட்டோ, வீடியோ. அப்புறம் அவருக்கு எழுத்துல ஒரு நோட்டீஸ், 14 நாள்ல வந்து வேலைய தொடரலன்னா ஒப்பந்தம் முறிஞ்சதா எடுத்துக்கிட்டு வேற ஆள வச்சி முடிப்பேன், கூட ஆவுற செலவ உங்ககிட்ட கேப்பேன்னு. வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க, பதிவுத் தபால்லயும் அனுப்புங்க. 14 நாள் ஆனப்புறம் புது ஆளுகிட்ட, மிச்ச வேலைக்கு எவ்வளவு, பழைய ஆளு செஞ்ச தப்ப சரி பண்ண எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. உங்க கேஸோட உயிர் அந்தப் பேப்பர்தான். வெறும் வயிறெரிஞ்சி பேசினா எந்த மேசைலயும் எடுபடாது. கலவை மெஷினுக்கு வீட்டு பிளக்லேருந்து இழுத்துவிட்ட வயர் மழைல தொங்கிக்கிட்டு இருந்தா மட்டும் 14 நாள் காத்திருக்காதீங்க, படம் எடுத்துட்டு இன்னிக்கே சுருஹான்ஜாயா தெனாகால (அரசாங்க எரிசக்தி ஆணையம்) பதிஞ்ச வயர்மேன கூப்பிட்டு வெட்டிடுங்க.

புகார் எங்க? போலீஸ் ஸ்டேஷன்ல ரிப்போர்ட் குடுத்தா இது சிவில் கேஸ்னு சொல்லி அனுப்பிடுவாங்க, பரவால்ல, ரிப்போர்ட் காப்பி கைல இருக்கட்டும். ஒரு கவுண்டர் இன்னொரு கவுண்டர கை காட்டும், அங்க போனா ஆன்லைன்ல போடுங்கம்பாங்க, ஆன்லைன்ல போட்டா ஃபார்ம் பாதில நின்னுடும், மரம் வெட்டுன அம்மாவுக்கு இதெல்லாம் எப்படி வரும்னு ஒருத்தனும் யோசிக்கறதில்ல. எல்லாத்தையும் விட்டுட்டு நேரா பயனீட்டாளர் திரிபியூனலுக்குப் போங்க, பயனீட்டாளர் வழக்கப் பாக்கற தீர்ப்பாயம் அது, மலாய்ல திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், பதிவுக் காசு 5 வெள்ளிதான், விசாரணைல ரெண்டு பக்கமும் வக்கீல் கெடையாது, பிரச்சனை வந்து 3 வருசத்துக்குள்ள போடணும். தீர்ப்பு வந்து 14 நாள்ல அவரு கட்டலன்னா அது குற்றமாவே ஆயிடும். ஃபார்ம்ல கொண்ட்ராக்டர் பேரோட, காசு எந்த அக்கவுண்டுக்குப் போச்சோ அந்த ஆள் பேரையும் போடுங்க. வீடு வாங்குனவங்களுக்குன்னு இன்னொரு திரிபியூனல் இருக்கு, அது டெவலப்பர் மேல போடறது, அங்க போயி க்யூல நிக்காதீங்க.

இதுல ஒரே ஒரு விஷயம் உங்கள உதைக்கும், அத நிதானமா படிங்க. அம்மா முறுக்கு சுட்டு கடைகளுக்குப் போடறாங்க, அடுப்படி பெருசா இருந்தா வசதின்னு கடைசி வரில எழுதியிருந்தீங்க. பயனீட்டாளர்னா வீட்டுத் தேவைக்கு வேலை வாங்குறவங்க. எதிர்ல நிக்கறவரு விவரமானவரா இருந்தா, இது வீட்டு அடுப்படி இல்ல, வியாபாரத்துக்குக் கட்டுனது, இந்தத் திரிபியூனலுக்கு வராதுன்னு கிளப்புவாரு. வீட்ல சமைக்கிற அடுப்படில தீபாவளிக்கு நாலு டின் முறுக்கு சுட்டு விக்கறது ஒரு விஷயம், லைசென்ஸ் எடுத்து மெஷின் வச்சி அதுக்குன்னே கட்டுறது வேற விஷயம், உங்களோடது முதல் வகைன்னுதான் எனக்குப் படுது. ஆனா கோட்டேஷன்லயோ வாட்ஸ்அப்லயோ ‘முறுக்கு பட்டறை’ன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு தேடிப் பாருங்க. எழுதியிருந்தா மறைக்க வேணாம், அழிக்கவும் வேணாம், வீட்டு ஆளுங்க சமைச்சி சாப்பிடறதும் அங்கதான்னு காட்ட வேற அடுப்படி இல்லாத பழைய வீட்டோட பிளானையும் படத்தையும் கூட எடுத்துக்கிட்டுப் போங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க, அம்மா பேரு போட்ட முறுக்கு பாக்கெட் ஊர்பூரா கடைல தொங்குது.

அடுத்த ஆள எடுக்கும்போது சிஐடிபி-ல (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிஞ்சவரான்னு அவங்க வெப்சைட்ல பேர தட்டிப் பாருங்க. வீட்டு ரிப்பேரும் கட்டுமானம்தான், பதிவு வேணும். கீழ்மட்டமான ஜி1 பதிவு இருந்தாலே உங்க வேலைக்கு அது தாராளம். பர்மிட்ட நான் பாத்துக்கறேன்னு சொன்னா கவுன்சில் ரசீத கண்ணுல காட்டச் சொல்லுங்க. 1974 தெரு, வடிகால், கட்டட சட்டத்துல அனுமதி இல்லாம கட்டினா நோட்டீஸ் வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும், அவரு பேருக்கு இல்ல. உங்க ஊருக்கு குவாலா கங்சார் நகராண்மைக் கழகம், சுக்காய் பிந்து (வீட்டு வரி) பில்லையும் கெரான் (நிலப் பட்டா) காப்பியையும் எடுத்துக்கிட்டு கட்டடப் பிரிவுல போயி, பழைய ஆளு உங்க பேர்ல ஏதாவது போட்டிருக்காரான்னு கேளுங்க. போட்டிருக்க மாட்டாருன்னுதான் எனக்குத் தோணுது. மிச்சக் காசுக்கு இபிஎப்-ல எடுத்துத் தரேன்னு ஒரு ஏஜென்ட் வருவான், வெரட்டி விடுங்க. வீடு வாங்க, கட்ட, லோன் குறைக்கத்தான் வீட்டுக் கணக்குல எடுக்க முடியும், ரெனவேஷனுக்குன்னு கெடையாது.

நல்ல ஆளுங்களே இல்லையான்னா இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு சீன அங்கிள், தாமான் தாமானா டைல்ஸ் போடறவரு, பையில எப்பவும் ஒரு தீகா லீமா நோட்டு, அதான் சின்ன கணக்கு நோட்டு, இருக்கும். வந்த சிமெண்ட் எத்தன மூட்டை, வாங்குன காசு எவ்வளவு, எல்லாம் எழுதி வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்குவாரு. பாத்ரூம்ல வாட்டர்-புரூஃப் அடிச்சா 24 மணி நேரம் தண்ணிய கட்டி நிறுத்தி வச்சி கீழ வந்து தடவிப் பாத்துட்டுதான் டைல்ஸ தொடுவாரு, அவசரப்படுத்துனா கோவிச்சிக்குவாரு. முன்பணம் கொஞ்சமாத்தான் கேப்பாரு. அந்த மாதிரி ஆளுக்கு முதல்ல நூத்துக்கு பத்து, அப்புறம் ஒவ்வொரு கட்டம் முடிஞ்சி கண்ணால பாத்தப்புறம் காசு, கடைசி பத்து மழை பேஞ்சி கூரை ஒழுகலன்னு தெரிஞ்சப்புறம்.

கமிட்டிக்காரர்கிட்ட சண்டை வேணாம். நோட்டீஸ் காப்பி ஒன்ன அவருக்கும் அனுப்பிட்டு, ‘நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க, உங்களுக்கும் தெரியணும்னு அனுப்பறேன்’னு மட்டும் எழுதுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேணாம். வாங்குன கோட்டேஷன தெளிவா படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, அதுல தூணுக்கு என்ன கம்பி, கூரைக்கு என்ன ஜிங்குன்னு போட்டிருக்கானா, இல்ல ‘அடுப்படி 38,000’னு ஒரே வரில முடிச்சிட்டானான்னு பாக்கணும்.