திராட்சை வளர்ப்பவருக்கு என்ன பெயர்?

கேள்வி: என் அப்பா ஓசூர் பக்கம் ரொம்ப வருஷமாகத் திராட்சை போட்டவர். ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கட்டுரையில் ‘என் தாத்தா விவசாயி’ என்று எழுதினாள். இங்கிலீஷில் ‘விட்டிகல்ச்சரிஸ்ட்’ என்று தனிச்சொல் இருக்கிறதே, தமிழில் ஒரே சொல்லாகக் கேட்டு வா என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். என் கணவரோ ‘வின்ட்னர்’ என்கிறார். எது சரி?
— ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் வின்ட்னரை விட்டுவிடுங்கள் அம்மா. அது ஒயின் விற்பவருக்கும் ஒயின் தயாரிப்பவருக்கும் உள்ள பெயர். உங்கள் அப்பா பழத்தைப் பறித்து மண்டிக்கு அனுப்பியவர். விட்டிகல்ச்சரிஸ்ட் பொருந்தும். லத்தீனில் ‘விட்டிஸ்’ என்றால் திராட்சைக் கொடி, தாவரவியல் பெயரிலும் அதுதான் முதலில் நிற்கிறது. ஆனால் கொடி வளர்ப்பைப் படித்து ஆராய்ச்சி செய்கிறவரையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

தமிழில் திராட்சைத் தோட்டக்காரர். இதையே எழுதச் சொல்லுங்கள். இது இரண்டு சொல் ஆயிற்றே என்று டீச்சர் கேட்டால், உங்கள் ஊரில் மாந்தோப்புக்காரர் என்கிறோமே, அதை யாராவது இரண்டாகப் பிரித்து எண்ணுகிறார்களா? சேர்த்துச் சொன்னால் ஒரு சொல்தான், தமிழ் அப்படித்தான் சொல் கட்டும். தமிழ் வேதாகமத்தில், யோவான் 15-ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டக்காரர் என்றே இருக்கிறது, அதனால் இது நான் உங்களுக்காக இன்று உண்டாக்கிக் கொடுக்கிற சொல்லும் இல்லை.

டவுனில் தோட்டக்காரர் என்றால் பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் என்று நினைப்பார்கள், அந்தத் தயக்கம் உங்களுக்கும் இருக்கலாம். நம் பக்கம் அப்படி இல்லை. மானாவாரி நிலம் கொல்லை, கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிற நிலம் தோட்டம். தோட்டக்காரர் என்றால் அந்தக் கிணறும் நிலமும் உள்ளவர், மரியாதையான சொல்.

வெற்றிலைக்குக் கொடிக்கால் என்று தனிப்பெயரே இருக்கிறது, அதை வளர்ப்பவர் கொடிக்கால்காரர். பல தலைமுறையாகத் தாம்பூலம் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காத நாடு இது, அந்தப் பயிருக்குத் தனிச்சொல் வந்ததில் ஆச்சரியமில்லை. திராட்சைக்கு நம்மிடம் அப்படி இல்லை, பந்தல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ‘அவர் ரெண்டு ஏக்கர் பந்தல் போட்டிருக்கார்’ என்று. அதற்காகப் பந்தல்காரர் என்று எழுதிவிடக் கூடாது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் என்று ஆகிவிடும்!

விவசாயி என்று எழுதியதும் தப்பில்லை. ஆனாலும் அந்தக் குழந்தை தாத்தாவின் வேலையைத் தனியாகப் பெயர் சொல்லி எழுதட்டும் என்று எனக்கு ஆசை, ஏனென்றால் அந்த வேலை அப்படி. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை அளவாக வெட்டிவிடுகிற வேலை, நடந்தபோது அரை நாள் நின்று பார்த்திருக்கிறேன். நம் மலைக் கல்லிலேயே உடைத்த கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, அதில் பட்டுப்போனது போலக் காய்ந்து கிடக்கும் கொடி. பெரியவர் ஒவ்வொரு கிளையையும் விரலால் தடவி, அடியிலிருந்து மொட்டை எண்ணி, நாலைந்து விட்டு ‘டக்’ என்று கத்தரியால் வெட்டினார். கொஞ்ச நேரத்தில் வெட்டிய முனையில் தெளிந்த நீர் துளித்துளியாகக் கட்டிச் சொட்டியது. கொடிக்குள் உயிர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார். மொட்டு எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும், கூடினாலும் குறைந்தாலும் அந்தப் போகம் போச்சு, பழம் வருவதெல்லாம் புதுத் தளிரில்தான். நம் மாநிலத்தில் டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து, மே, ஜூனில் இன்னொன்று. வெட்டியதிலிருந்து பழம் கைக்கு வர ஏறக்குறைய 4 மாதம், அதற்குள் நாலு நாள் மூட்டமும் தூறலுமாகப் பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் இலையில் இறங்கிவிடும், தோட்டக்காரர் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

பேத்தியைத் தாத்தா பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை மொட்டு விட்டு வெட்டுவீங்க என்று கேட்கச் சொல்லுங்கள். கட்டுரைக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் பாட்டி திராட்சையைக் ‘கொடிமுந்திரி’ என்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திருத்தலாமா?
— ஒரு வாசகர், தருமபுரி

பதில்: வேண்டவே வேண்டாம். பாட்டி சொல்வது நல்ல பழைய தமிழ், அகராதியிலும் இருக்கிறது. முந்திரிகை என்றாலே திராட்சைதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்துக்கு மரமுந்திரி என்று பெயர் வைத்தோம், அப்புறம் ‘மர’ உதிர்ந்து, பாயசத்தில் போடுகிற பருப்பே முந்திரி ஆகிவிட்டது. மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சை. யாழ்ப்பாணத்திலும் முந்திரிகைப் பழம் என்பார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அப்படியே பாட்டியிடம் இப்படி வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று கேட்டு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.