சோமாஸ் எண்ணெயில வாய் பிளக்காம, 10 நாள் மொறுமொறுன்னு இருக்க என்ன பண்ணணும்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "தீபாவளிக்கு கடலை, முந்திரி பூரணம் வச்சு சோமாஸ் பண்ணலாம்னு இருக்கேன். போன வருஷம் பண்ணப்ப பாதி எண்ணெயிலயே வாய் திறந்து பூரணம் எல்லாம் கொட்டி கருகிடுச்சு, மீதி மறுநாளே நமுத்துப் போச்சு. நான் வேலைக்கு போறவ, ஈஸியா பண்ற மாதிரி சொல்லுங்க. பெங்களூருல இருக்கிற தங்கச்சிக்கும் கொடுத்து அனுப்பணும். எண்ணெய்க்கு பதிலா ஓவன்ல வைக்கலாமா?"

உங்க ரெண்டு பிரச்சனைக்கும் காரணம் ரெண்டே ரெண்டுதாங்க, ஒண்ணு ஈரம், இன்னொண்ணு உள்ள மாட்டிக்கிற காத்து. வாய் பிளக்கிறது பெரும்பாலும் காத்தால, நமுக்கிறது ஈரத்தால. இந்த ரெண்டையும் எங்கெங்க உள்ள விடுறோம்னு புரிஞ்சிட்டா அளவு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் சோமாஸ் நல்லாவே வரும்.

முதல்ல பூரணம், ஏன்னா அதை ரெண்டு நாள் முன்னாடியே பண்ணி டப்பால போட்டு வச்சிடலாம், வேலைக்கு போறவங்களுக்கு அதுதான் பெரிய ரிலீஃப். 25 சோமாஸுக்கு வேர்க்கடலை 100 கிராம், முந்திரி 50, பொட்டுக்கடலை 50, கொப்பரை துருவல் 25, சர்க்கரை 100 கிராம், ஏலக்காய் 5, கசகசா ஒரு ஸ்பூன். முந்திரி முழுசா வாங்க வேண்டாம், எப்படியும் பொடிக்கத்தானே போறோம், ரெண்டா உடைஞ்ச பருப்பு போதும், விலையும் குறைவு. வேர்க்கடலையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, புதுசா வாங்குங்க, ஒண்ணு எடுத்து வாயில போட்டு பாருங்க, லேசா சிக்கு வாடை வந்தாலும் அந்த பாக்கெட் வேண்டாம். சுருங்கினது, பூஞ்சை பிடிச்சது இருந்தா பொறுக்கி தூர போட்டுடுங்க. அதுல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கலாம், நாம வறுக்கிற சூட்டுக்கு அது முழுசா அழியாது.

ஒவ்வொண்ணையும் தனித்தனியா வறுக்கணும். எல்லாத்தையும் ஒரே வாணலியில கொட்டி வறுத்தா கசகசா கருகும், கடலை உள்ள பச்சையா நிக்கும். வேர்க்கடலைய சின்ன தீயில தோல் வெடிக்கிற வரைக்கும் வறுத்து, ஆறினதும் கையால தேய்ச்சு தோலை ஊதிடுங்க. முந்திரிய வெறும் வாணலியிலயே வறுங்க, நெய் வேண்டாம், அதுலயே எண்ணெய் இருக்கு. கொப்பரை சூடு ஏறி கையில எடுத்தா பொரபொரன்னு உதிரணும், அதுதான் பதம். சிலர் பச்சை தேங்காய் துருவல் போடுவாங்க, ருசி அபாரமா இருக்கும் ஆனா அன்னைக்கே சாப்பிட்டு முடிக்கணும், உங்களுக்கு 10 நாள் நிக்கணும்னா அந்த பக்கமே போகாதீங்க. வெல்லமும் அப்படித்தான், ஈரம் இழுக்கும், சீக்கிரம் நமுத்துடும்.

இப்ப மிக்ஸி. எல்லாம் நல்லா ஆறி இருக்கணும், கை வச்சு பாத்து கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் காத்திருங்க, சூட்டோட அரைச்சா சர்க்கரை வேர்த்து மொத்தமும் கட்டி கட்டியா ஆயிடும். சர்க்கரையும் ஏலக்காயும் முதல்ல நைஸா பொடிச்சு தனியா எடுத்து வச்சிடுங்க, முழு சர்க்கரையா போட்டா மாவை இழுத்து மூடுறப்ப அந்த முனை குத்தி ஓட்டை விழும், அது வழியா எண்ணெய் உள்ள போகும். அப்புறம் கடலை, முந்திரியோட பொட்டுக்கடலைய சேர்த்து மிக்ஸிய விட்டு விட்டு நாலஞ்சு சுத்து, ரவை மாதிரி வந்தா நிறுத்திடணும். ஒரேடியா ஓட விட்டா கடலை எண்ணெய் விட்டு பேஸ்ட் ஆயிடும். பொட்டுக்கடலை சேர்க்கிறது ருசிக்கு மட்டும் இல்ல, அது உலர்ந்த பருப்பு, கடலை விடுற எண்ணெயை உறிஞ்சி பூரணத்தை உதிரியா வச்சுக்கும். கொஞ்சம் முந்திரிய மட்டும் கையால ஒடிச்சு சேருங்க, கடிக்கிறப்ப நறுக்குனு அகப்படும். கடைசியா கொப்பரை, கசகசா, சர்க்கரை பொடி எல்லாம் கலந்தா முடிஞ்சுது.

மேல் மாவுக்கு மைதா 250 கிராம், மெல்லிசு ரவை 2 டேபிள் ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இதுல 3 டேபிள் ஸ்பூன் நெய்யை நல்லா காய்ச்சி சூடா ஊத்தி, ஸ்பூனால கிளறிட்டு கை பொறுக்கிற சூடு வந்ததும் விரலால தேய்ச்சு தேய்ச்சு கலக்கணும். ஒரு கை மாவை எடுத்து பிடிச்சா பிடி கொழுக்கட்டை மாதிரி அப்படியே நிக்கணும், தட்டினா உதிரணும். நிக்கலையா, இன்னும் ஒரு ஸ்பூன் நெய். நெய் மாவைச் சுத்தி பிடிச்சுக்கிட்டா தண்ணி பட்டாலும் அது ரப்பர் மாதிரி இழுக்காது, அந்த மொறுமொறுப்பு அங்கதான் உருவாகுது. நெய் குறைஞ்சா சோமாஸ் கடிக்க தோல் மாதிரி இருக்கும், கூடிப்போனா எண்ணெயில போட்டதும் கரைஞ்சு உடையும்.

தண்ணி கிட்டத்தட்ட 100 மில்லி பிடிக்கும், ஆனா மொத்தமா ஊத்தாம தெளிச்சு தெளிச்சு பிசைங்க. பூரி மாவை விட கொஞ்சம் கெட்டியா இருக்கணும், சப்பாத்தி மாவு மாதிரி மெத்துன்னு பிசைஞ்சா போச்சு, அந்த ஈரம்தான் எண்ணெயில ஆவியாகி மேல சின்ன சின்ன கொப்புளமா வரும், அப்படி கொப்புளம் வந்த சோமாஸ் சீக்கிரமும் நமுக்கும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைங்க, அதுக்குள்ள ரவையும் ஊறிடும்.

ஈஸியா வேணும்னு கேட்டீங்கல்ல, இங்கதான் நேரம் மிச்சம் பண்ணலாம். ஒவ்வொரு உருண்டையா தேய்க்காதீங்க. மாவை நாலா பிரிச்சு ஒவ்வொண்ணையும் பெரிய அப்பளமா மெல்லிசா தேய்ச்சு, 3 இன்ச் அகலம் இருக்கிற டப்பா மூடியால வட்டம் வட்டமா வெட்டிடுங்க, மிச்ச மாவை சேர்த்து திரும்ப தேய்க்கலாம். எல்லாம் ஒரே சைஸ்ல வர்றதால ஒரே நேரத்துல வேகும். சோமாஸ் அச்சு இருந்தா இன்னும் வேகம், பாத்திரக்கடையில பிளாஸ்டிக்ல கிடைக்கும், ஆனா அச்சுல லேசா மாவு தடவிட்டு வைங்க இல்லன்னா ஒட்டிக்கும்.

மூடுறதுலதான் போன வருஷம் உங்களுக்கு தப்பாகி இருக்கணும். பூரணம் ஒரு டேபிள் ஸ்பூன் போதும், ஆசைக்கு குவிச்சு வைக்காதீங்க. ஓரத்துல அரை இன்ச் சுத்தமா விடணும், அங்க ஒரு துளி பூரணப்பொடி ஒட்டினாலும் மாவு மாவோட ஒட்டாது, கடலைப்பொடியில இருக்கிற எண்ணெய் ஒட்ட விடாது. ஓரத்துல விரலால லேசா தண்ணி தொட்டு பாதி ஓரம் மட்டும் தடவுங்க, மடிச்சு, மூடுறதுக்கு முன்னாடி பூரணத்தை உள்ளங்கையால மெதுவா அழுத்தி காத்தை வெளிய தள்ளிட்டு அப்புறம் ஓரத்தை அழுத்துங்க. உள்ள காத்து இருந்தா சூட்டுல அது விரியும், விரிஞ்சா பலவீனமான இடத்துல பிளக்கும், அவ்வளவுதான் விஷயம். அப்புறம் சோமாஸ் கரண்டியால ஓரம் வெட்டுங்க, இல்ல முள்கரண்டியால அழுத்துங்க. எங்க அம்மா கட்டை விரலால ஓரத்தை மடிச்சு மடிச்சு பின்னல் மாதிரி போடுவாங்க, பாக்க அழகு மட்டும் இல்ல அது ரெட்டைப் பூட்டு, பழகிட்டா அதுதான் பெஸ்ட். செஞ்சதை துணி போட்டு மூடி வைங்க, காஞ்சு போனா வெடிப்பு விடும், ஆனா ரொம்ப நேரமும் வைக்க வேண்டாம், அரை மணிக்குள்ள பொரிக்க ஆரம்பிச்சிடணும்.

எண்ணெய் புகை வர்ற அளவு காயக்கூடாது. ஒரு துணுக்கு மாவு போட்டா உடனே துள்ளி மேல வராம, மெதுவா குமிழ் விட்டு எழும்பி வரணும், அது சுமார் 160 டிகிரி. வாணலி கொள்ற அளவுக்கு நாலு அஞ்சு போட்டு, சின்ன தீக்கும் மீடியத்துக்கும் நடுவுல வச்சு, திருப்பி திருப்பி விட்டு 5, 6 நிமிஷம். அவசரப்பட்டு தீயை கூட்டினா வெளிய பொன் நிறம் வந்துடும், உள் பக்கம் மாவு வேகாம ஈரமாவே இருக்கும், அந்த ஈரம் ராத்திரி முழுக்க மேல் தோலுக்கு வந்து காலையில நமுத்த சோமாஸ் ஆயிடும். ஒண்ணு பிளந்து பூரணம் கொட்டிட்டா உடனே அதை எடுத்துட்டு அடுப்பை நிறுத்தி எண்ணெயை வடிகட்டிடுங்க, சர்க்கரை கருகி அடுத்தடுத்த சோமாஸ்லயெல்லாம் கரும்புள்ளியா ஒட்டும், கசக்கும்.

நான் ஆர்டருக்கு பலகாரம் பண்ண ஆரம்பிச்ச புதுசுல ஒரு ஐப்பசி மழையில, 60 சோமாஸை லேசா சூடு இருக்கறப்பவே எவர்சில்வர் டப்பால போட்டு மூடிட்டேன், காலையில மூடிய திறந்தா உள் பக்கம் முத்து முத்தா தண்ணி, 60ம் துணி மாதிரி கிடந்துச்சு, அழுகையே வந்துடுச்சு, மறுபடி முதல்ல இருந்து பண்ணி கொடுத்தேன். அதனால கம்பி வலைத்தட்டுல பரப்பி ரெண்டு மணி நேரமாவது ஆற விடுங்க, மழை நாளா இருந்தா ஃபேனுக்கு கீழ. நமுத்துப் போனதையும் தூக்கி போட வேண்டாம், 150 டிகிரி ஓவன்ல 6, 7 நிமிஷம் வச்சு ஆற விட்டா பெரும்பாலும் மீண்டு வந்துடும்.

ஓவன்ல பண்ணலாமா? பண்ணலாம். 180 டிகிரிக்கு முன்னாடியே சூடு பண்ணி, மேல உருக்கின நெய் தடவி 18ல இருந்து 22 நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பி விடுங்க. ஆனா அது பிஸ்கட் மாதிரி வரும், எண்ணெயில பொரிச்ச அந்த பொரபொரப்பு வராது. எனக்கு பிடிச்சது பொரிச்சதுதான், வீட்டுல எண்ணெய் கூடாதவங்க இருந்தா ஒரு தட்டு ஓவன்ல வைங்க.

இதே பண்டம் ஆந்திராவுல கஜ்ஜிக்காயலு, கர்நாடகாவுல கர்ஜிகாயி, மகாராஷ்டிராவுல கரஞ்சி, கோவாவுல கிறிஸ்துமஸுக்கு பண்ற நெவ்ரி. வடக்க ஹோலிக்கு பண்ற குஜியாவுல பாலை சுண்டக் காய்ச்சின கோவா போடுவாங்க, சாஃப்டா நல்லா இருக்கும், ஆனா அது பால் பண்டம், சீக்கிரம் கெடும், ஊருக்கு அனுப்ப ஒத்து வராது. தங்கச்சிக்கு நம்ம பொடி பூரணமே சரி.

அனுப்பறப்ப அகலமான டப்பா எடுத்து அடியில டிஷ்யூ பேப்பர், படுக்க வச்சு ஒரு வரிசை, திரும்ப டிஷ்யூ, இப்படி மூணு வரிசைக்கு மேல வேண்டாம், ஓரம் உடையும். இடைவெளி இருந்தா பேப்பரை கசக்கி செருகுங்க, ஆடாம இருந்தாலே முக்காவாசி முழுசா போய் சேரும். டப்பா மேல, "உள்ள வேர்க்கடலை, முந்திரி இருக்கு"ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க, தங்கச்சி அக்கம் பக்கத்து வீட்டு குழந்தைகளுக்கும் கொடுப்பாங்க, சில குழந்தைகளுக்கு கடலை ஒரு கடி கூட ஆகாது.